குதிரை யாரிடம் இருந்தது

அக்டோபர் 22

தம்பிக்கு டெங்கு. பிளேட்லெட் 1,10,000.

அக்டோபர் 23

74,000. காலை 6 மணிக்கு ரத்தம் எடுத்தால் பதினொன்றரைக்குத்தான் எண் வருகிறது. அதுவரை அம்மா மாதுளை உரிக்கிறாள், நான் லேப் ஜன்னலுக்கும் வார்டுக்கும் நடக்கிறேன். மத்தியானம் 103 டிகிரியில் கண்ணைத் திறக்காமலே தம்பி சொன்னான்: "அக்கா, குதிரைய குடு." பிதற்றுகிறானே என்று அம்மா பதறிவிட்டாள். எனக்கு உடனே புரிந்தது. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24

காய்ச்சல் விட்டுவிட்டது! காலையில் நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது, ரங்கநாதா என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மாவுக்குக் காபி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் சிஸ்டர், "காய்ச்சல் இறங்கின பிறகுதாம்மா ரொம்ப கவனமா பாக்கணும்" என்கிறார். 41,000. எவ்வளவு தண்ணீர் குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

குதிரையைப் பற்றி எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சுட்டி டிவி 2007 ஏப்ரல் கடைசியில் வந்தது. எனக்கு 9 வயது, அவனுக்கு 6. இலவசமாக வந்த 14 இன்ச் டிவி, பின்னால் ஒரு தட்டு தட்டினால்தான் கலர் வரும். அதில்தான் ஜாக்கி சான் கார்ட்டூன் பார்த்தோம். ஜாக்கி, அவர் அண்ணன் மகள் மாதிரி கூடவே திரியும் ஜேடு, எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் கிழட்டு அங்கிள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம் இருக்கும் பன்னிரண்டு மந்திரக் கற்கள். எருது இருந்தால் பலம், முயல் வேகம், பாம்பு வைத்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டோம், சேவல் நம்மை மிதக்க வைக்கும், நாய் இருந்தால் சாவே கிடையாது, குதிரை எந்த நோவையும் குணமாக்கும்.

அப்பாவின் கேரம் காய்களில் நாங்கள் அந்தப் பன்னிரண்டையும் செய்தோம். 9 வெள்ளைக் காயிலும் ஸ்கெட்ச் பேனாவால் படம். எலிக்கும் பன்றிக்கும் கறுப்புக் காய், அதன்மேல் வொய்ட்னர். டிராகனுக்கு ரெட். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் கேரம் ஆடவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் சண்டை எல்லாம் நாயா குதிரையா என்பதில்தான். நாய் இருந்தால் சாவில்லை, அது போதுமே என்பேன் நான். "சாகாம வலிச்சிட்டே இருந்தா என்னக்கா பண்றது" என்பான் அவன். ஆறு வயதில் கேட்டான் அதை.

கடைசியில் குதிரையை நான் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் அதைத் தொலைத்தும் விட்டேன். அவன் எத்தனை நாள் அதற்காக அழுதான் என்று எனக்கு நினைவில்லை, அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 25

22,000. ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒருவர் மட்டும், பத்து நிமிடம். அம்மாவைத்தான் அனுப்பினேன். கதவில் கையளவு கண்ணாடி இருக்கிறது, அதில் நாலாவது கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். அவன் மூன்றாவது கட்டில்.

ஆடு இருந்தால் போதும் எனக்கு. அதை வைத்திருப்பவர் உடம்பை இங்கே விட்டுவிட்டு உயிர் மட்டும் சுவர், கதவு எல்லாம் தாண்டிப் போகலாம். அப்போது அதை யாரும் கேட்கவே மாட்டோம், பன்னிரண்டில் மட்டமான காய் என்று ஒதுக்கி வைப்போம். இன்று முழுக்க இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 25, இரவு

பில் கவுண்டரில் இன்னும் 40,000 கட்டச் சொன்னார்கள். அம்மாவின் இரண்டு வளையல் போயிற்று. என்னுடைய செயின் நாளைக்கு.

ஸ்பைடர்மேன் மூன்றாம் பாகம், 2007 மே. அப்பா எங்கள் இருவரையும் 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி மெயின்கார்டு கேட்டில் இறக்கிக் கூட்டிப் போனார். தமிழில் பேசுகிற ஸ்பைடர்மேன். படம் முழுக்க நான் கறுப்பு உடையைப் பார்த்தேன். தம்பி பார்த்தது மணல் மனிதனை. ஒரு மணல் குவியல் மெல்ல எழுந்து ஆளாக முயலும், சரியும், மறுபடி எழும். எதிரே மகளின் படம் வைத்த லாக்கெட் கிடக்கும், எடுக்கப் போனால் விரல்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வசனமே இல்லாத காட்சி. நோயாளி மகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அந்த ஆள் திருடினான். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாப்பாவுக்கு சரியாயிடுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ்ஸிலும் கேட்டான். அப்பா "ஆயிடும்டா, பேசாம வா" என்றார்.

அந்தப் பாப்பாவுக்குச் சரியானதா என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள். கடைசியில் ஸ்பைடர்மேன் அவனை மன்னிப்பான், அவன் மணலாகக் காற்றில் போய்விடுவான், அவ்வளவுதான். கவுண்டரில் கையெழுத்துப் போடும்போது அதுதான் ஞாபகம் வந்தது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும்.

அக்டோபர் 26

17,000. ஈறில் ரத்தம்.

அக்டோபர் 26, இரவு 2 மணி

தூக்கம் இல்லை. எதிர் வரிசையில் ஒரு பாட்டியும் பேரனும், பையனுக்கு நாலு வயது இருக்கும். போனில் டாம் அண்ட் ஜெர்ரி ஓடுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரோ அதட்டினார்கள், பாட்டி முழுசாகவே நிறுத்திவிட்டார். சத்தம் இல்லாமலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், தாத்தா முதல் கடைக்குட்டி வரை எல்லோரும் சேர்ந்து பார்த்தது அது ஒன்றுதான். மொழியே வேண்டாமே.

ஆனால் அதிலும் சிலது வந்தால் தம்பி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவான். கோடுகள் கோணல், குகைக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தம், டாமை நிஜமாகவே வதைப்பதுபோல் இருக்கும். "இது வேற டாம்க்கா" என்பான். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன், அவன் சொன்னது சரி. ஹன்னாவும் பார்பராவும் 1940 முதல் 1958 வரை 114 படம் எடுத்து முடித்த பிறகு, 1961, 62இல் 13 படங்களை ஜீன் டைச் என்பவர் பிராகாவில் எடுத்திருக்கிறார். ஆட்களும் வேறு, கையும் வேறு. ஆறு வயதுப் பிள்ளை எப்படித்தான் கண்டுபிடித்தானோ. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்து மறந்துபோனேன். சொல்ல வேண்டும். எழுந்து வரட்டும்.

அக்டோபர் 27

19,000.

ஏறியிருக்கிறது. இரண்டாயிரம்தான், ஆனாலும் ஏறியிருக்கிறது. டாக்டர் சிரிக்கவில்லை, "நாளைக்குப் பாப்போம்" என்றார்.

குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனேன். குளிக்காமல் பரணில் ஏறினேன். கேரம் டப்பா பழைய குடத்துக்குள் இருந்தது. டிராகன் இருக்கிறது. எலி இருக்கிறது, வொய்ட்னர் மஞ்சளாகிவிட்டது. நாய் இருக்கிறது. ஆடு இருக்கிறது, காதை மட்டும் முயல் மாதிரி வரைந்திருக்கிறான். பதினொன்று. டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, குடத்தைத் தட்டி, பரண் முழுக்கத் துழாவினேன். குதிரை இல்லை.

நாயையும் ஆட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா கேட்கவில்லை.

அக்டோபர் 28

36,000!! வார்டுக்கு வந்துவிட்டான். ரசம் சாதம் கேட்டான்.

அக்டோபர் 29

71,000. கை காலெல்லாம் சிவந்து அரிக்கிறது என்று புலம்புகிறான், ஆறி வருவதற்கு அடையாளம் என்கிறார்கள். அரிக்கட்டும்.

மத்தியானம் அம்மா தூங்கியபோது நாயையும் ஆட்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். டிரிப்ஸ் போட்ட கை வீங்கியிருந்தது, காயைப் புரட்ட வரவில்லை, நான் புரட்டிக் காட்டினேன். "குதிரைய நான்தான்டா தொலைச்சேன், மன்னிச்சுக்கோ" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"நீ தொலைக்கலக்கா. நான் எடுத்தேன்."

எதிர்வீட்டில் மாடி கட்ட அந்த வருடம் தெருவில் மணல் கொட்டியிருந்தார்கள். கொள்ளிடத்து மணல், லாரியிலிருந்து இறக்கும்போதே தண்ணீர் சொட்டும். கழுத்துவரை அதில் புதைந்துகொண்டு மணல் மனிதன் விளையாட்டு ஆடுவோம். என் பென்சில் பாக்ஸிலிருந்து குதிரையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குவியலில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தானாம். ராத்திரி மணல் மனிதன் எழுந்து வந்தால் எடுத்துக்கொண்டு போய் அவன் பாப்பாவுக்குக் கொடுப்பான் என்று. காலையில் போய்ப் பார்த்தான், தோண்டித் தோண்டிப் பார்த்தான், காணோம். எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தானாம். பாப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அப்படியென்றால் காய்ச்சலில் ஏன் என்னிடம் குதிரையைக் கேட்டாய் என்றேன். "கேட்டேனா?" என்கிறான். ஒன்றும் ஞாபகம் இல்லை அவனுக்கு.

டைச் கதையைச் சொன்னேன். 13 படம், பிராகா, எல்லாம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான்.

அக்டோபர் 30

1,12,000. டிஸ்சார்ஜ். ஆட்டோவில் வந்தோம், தெருவெல்லாம் பட்டாசுக் குப்பை, நாளைக்குத்தான் தீபாவளி, அதற்குள். இறங்கியவன் உள்ளே போகாமல் எதிர்வீட்டு மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். நானும் பக்கத்தில் நின்றேன். சாயம் வெளுத்த சுவர், ஒரு ஜன்னல், கொடியில் நாலு துணி. அந்தச் சுவரில் எந்த இடத்தில் என்று கண்ணாலேயே தேடினோம்.

கொசு கடிக்கும் உள்ளே வாங்க என்று அம்மா கத்துகிறாள்.