கொசஸ்தலைக் கரையோடு பூண்டி வரை: வடசென்னையின் கிராவல் சைக்கிள் பாதை

சைக்கிள் பயணம் முடித்து வீடு திரும்பப் பூண்டியில் 1,600 ரூபாய்க்குப் பேசிய வண்டி வாடகை, மணலி புதுநகர் வந்ததும் 2,300 ஆகிவிட்டது. நேற்று இரவு எட்டு மணி. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் குட்டி யானையை ஓரங்கட்டிய ஓட்டுநர், சைக்கிளுக்குத் தனி, ஆளுக்குத் தனி, திரும்பிப் போகும் டீசலுக்குத் தனி என்று கணக்குச் சொன்னார். அதே இரண்டு சைக்கிள், அதே இரண்டு ஆள். ஏற்றும்போது கண்ணில் படாதது பாதி வழியில் எப்படிப் பட்டது? அக்கா மகனுக்கு முழங்காலில் தோல் உரிந்திருந்தது. எனக்கும் மிதிக்கத் தெம்பில்லை. கொடுத்துவிட்டேன். 700 ரூபாய் என்பது எனக்குப் பாதி டயர். இரவெல்லாம் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாகச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

கிராவல் சைக்கிள் என்பது பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியும் நல்ல தடித்த டயரும் கொண்டது. தார்ச் சாலையிலும் ஓடும், சரளையிலும் ஓடும். என் டயரின் அகலம் 40 மில்லிமீட்டர். பழையதாக 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள்: கம்பத்துக்குப் போ. போன வருடம் போனோம். கம்பம் பள்ளத்தாக்கை யாரால் குறை சொல்ல முடியும்? ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே முல்லைப் பெரியாறு, கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைப் பந்தல். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பன்னீர்த் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. பந்தல்களுக்கு இடையே ஓடும் மண் பாதையில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தால் குலைகள் ஹெல்மெட்டில் உரசும். ஆனால் இரண்டு பேருக்கு 9,400 ரூபாய் ஆயிற்று. பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவதற்கே ஒரு தொகை. மாதம் ஒருமுறை அப்படிச் செலவழிக்க என்னால் முடியாது.

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கொசஸ்தலை என்ற 136 கிலோமீட்டர் நீள ஆறு கடலில் கலக்கிறது என்பது தெரியும். அதன் கரையில் ஏறி மேற்கே போனால் என்ன என்று இத்தனை வருடம் தோன்றவில்லை. வடசென்னை என்றால் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி என்று ஊரார்தான் முடித்துவிடுகிறார்கள் என்றால், நாமும் அதையே நம்பிவிடுகிறோம்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குத் தேரடியிலிருந்து கிளம்பினோம். எண்ணூர் வரை சொல்ல ஒன்றுமில்லை, லாரிகளைத் தவிர. முகத்துவாரத்தில் பொழுது விடிந்தது. இடுப்பளவு நீரில் நான்கைந்து இருளர் பெண்கள் கையால் இறால் துழாவிக்கொண்டிருந்தார்கள். இறால் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். கை இரண்டும் சேற்றுக்குள். இதே கழிமுகத்தில்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளினார்கள். கரையில் ஒரு பாறையின் இடுக்கில் இன்னும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்த பிறகுதான் போயிற்று. சுற்றிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, அலையாத்திச் செடிகள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. ஆற்றை இப்படி வைத்திருப்பது மன்னிக்கவே முடியாத காரியம். அழகான பாதையைத் தேடி வருகிறவர்கள் இந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆறு முடியும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மணலி புதுநகர், நாபாளையம் தாண்டிக் கரையில் ஏறியதும் லாரிச் சத்தம் நின்றது. கால் சக்கரம் புதையும் வெள்ளை மணல், பிறகு கெட்டித்த வண்டல், பிறகு மறுபடியும் மணல். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டேன். அதன் பிறகு சறுக்கவில்லை. இந்தப் பாதையின் ஒரே எதிரி சீமைக் கருவேல முள். கரையின் இரு பக்கமும் அதுதான். வெட்டிப்போட்ட கிளைகள் பாதையிலேயே காய்ந்து கிடக்கின்றன. என் டயரில் டியூப் கிடையாது, உள்ளே சீலன்ட் ஊற்றியிருக்கிறேன். முள் ஏறினால் கொஞ்சம் வெள்ளையாகக் கசிந்து அடைத்துக்கொள்ளும். பையனுடையது சாதாரண கியர் சைக்கிள். சீமாவரத்துக்குள் ஒரு பஞ்சர். நிழலில் உட்கார்ந்து ஒட்டினோம். வல்லூர் அணைக்கட்டில் நீர் மெல்லிய திரையாக வழிந்துகொண்டிருந்தது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்று மீஞ்சூர், பஞ்செட்டிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. அந்த ஊர்களில் கிணற்று நீர் உப்புக் கரிப்பதற்கு நம் வீட்டுக் குழாயும் ஒரு காரணம்.

காரனோடைப் பாலத்தின் அடியில் கடந்தோம். இட்லி, தேநீர். பிறகு வெயில்.

தாமரைப்பாக்கம் வரும்போது நிலமே மாறிவிடுகிறது. சம்பா அறுவடை முடிந்த வயல்கள், சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு காயும் நெல். நெல்லின் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “எங்கிருந்து வருகிறாய் தம்பி?” என்று கேட்டு, மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். திருவொற்றியூர் என்றதும் நம்பவில்லை. இங்குள்ள அணைக்கட்டில் திருப்பிவிடும் நீர் சோழவரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து புழலுக்குப் போகிறது என்று பையனிடம் சொன்னேன். “அப்படியானால் நாம் குடிக்கிற தண்ணீர் வந்த வழியில்தான் வருகிறோமா மாமா?” என்றான். அந்தக் கேள்விக்காகவே அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது சரியாகப் போயிற்று.

வெங்கல் அருகே அவன் சரளையில் வேகமாகத் திரும்பி விழுந்தான். முழங்கால் போனது, டியூபின் வால்வும் பிய்ந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் புது டியூப் மாட்டி 250 ரூபாய் வாங்கினார். புண்ணைக் கழுவத் தண்ணீரும் மஞ்சளும் அவரே கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. குட்டி யானைக்காரரை நினைக்கும்போதெல்லாம் இவரையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

பூண்டிக்கு இரண்டு மணிக்குச் சேர்ந்தோம். 1940இல் அடிக்கல் நாட்டி 1944இல் முடித்த அணை. சென்னை மேயராக இருந்து இதற்காக ஓடியாடிய சத்தியமூர்த்தி, முடிந்ததைப் பார்க்கவில்லை; 1943இலேயே இறந்துவிட்டார். சரி, சாப்பாடு. கீற்றுக் கொட்டகை ஒன்றில் ஏரி மீன். ஜிலேபி மீனை முழுசாகக் கீறி, மிளகாயும் பூண்டும் அரைத்த மசாலாவைக் கீறலுக்குள் திணித்து, இரும்புக் கல்லில் போட்டு, அதன் மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டார் அந்த அம்மா. வால் முறுகிக் கறுக்கும் வரை திருப்பவே இல்லை. திருப்பியபோது தோல் கல்லில் ஒட்டாமல் அப்படியே வந்தது. சோறு, புளி தூக்கலான மீன் குழம்பு, ஆளுக்கு இரண்டு மீன், மொத்தம் 380 ரூபாய். காசிமேட்டுக் கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. ஏரி மீனில் சேற்று வாடை அடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இனிமேல் சொல்ல மாட்டேன்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

பூண்டியைத் தாண்டி அத்திரம்பாக்கம் பக்கம் போகும் பாதை சிவப்பு. செம்புராங்கல் கரைந்த மண்ணில் முஷ்டி அளவு உருண்டைக் கற்கள் நிறைந்து கிடக்கின்றன. டயர் அவற்றின் மேல் ஏறும்போது கடகடவென்று கைப்பிடி வரை அதிர்கிறது. இறங்கி ஒன்றைக் கையில் எடுத்தேன். வெளியே பழுப்பு, வழவழப்பு. உடைந்த பக்கத்தில் சர்க்கரைக் கட்டியைப் போன்ற பளபளப்பு. குவார்ட்சைட். பழைய ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்த கல். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங்குடன் இங்கே வந்து கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழ்ந்து, இங்குள்ள பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் வெளியிட்டார்கள். இதே குவார்ட்சைட்டைத் தட்டித்தான் அவற்றைச் செய்தார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கோடரிக்கும் என் கையிலிருந்த உருண்டைக் கல்லுக்கும் நடுவே இருந்தது சில தட்டல்கள், ஒரு மனிதனின் கை. கோடரியின் வளைந்த ஓரத்தைப் பார்த்தால் எந்த விரல் எங்கே இருந்திருக்கும் என்று தெரிகிறது. பையன் வெகுநேரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கம்பத்தில் நான் திராட்சைக் குலையைத் தொட்டபோது இப்படி மயிர்க்கூச்செறியவில்லை. உலகத்தில் எங்கே சரளைப் பாதை தேடிப் போனாலும், எனக்கு இந்தச் சரளைக்கு ஈடு கிடையாது. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீங்களும் வைத்துவிடுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செலவு: இட்லி 90, தேநீர் 60, மீன் சாப்பாடு 380, டியூப் 250, வண்டி 2,300. மொத்தம் 3,080. வண்டிக்காரர் பேசியபடி நடந்திருந்தால் 2,380இல் முடிந்திருக்கும்.

அடுத்த முறை வாடகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் பூண்டியில் இறங்கி, ஆற்றோடு கீழே மிதித்துக் கடலுக்கு வரப் போகிறோம். பையனுக்கும் முள் தாங்கும் டயர் வாங்கிவிட்டேன், மாதத் தவணையில். மழைக்காலத்தில் பூண்டி மதகு திறந்திருக்கிறது என்று செய்தி வந்தால் மட்டும் யாரும் இந்தக் கரைக்கு வராதீர்கள். ஆறு முடியும் பக்கத்தில் இருக்கும் சடையங்குப்பம், இடையான்சாவடி மக்களுக்கு அந்த நீர் எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்பது நன்றாகத் தெரியும்.