ரியாலிட்டி ஷோவுக்குப் போன எங்கள் ஜமா: கேட்டதும் கிடைத்ததும்

போன வருஷம் பாரதக் கூத்து சீசன் முடிந்த கையோடு ஒரு தனியார் சேனலின் ரியாலிட்டி ஷோவிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நாங்கள் செய்யாறு பக்கம் தெருக்கூத்து ஆடுகிற ஜமா. நான் கதையை நடத்திக்கொண்டே கிண்டலும் செய்கிற கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவன், ஜமாவின் பேப்பர் வேலையும் என் பொறுப்பு. கரகாட்டக் குழுக்களுக்கும் பறைக் குழுக்களுக்கும்கூட இப்படி அழைப்பு வருவதாகக் கேள்விப்படுகிறேன். உள்ளே என்ன நடக்கும், எதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்திருந்தால் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் போனில் கோ-ஆர்டினேட்டர், "உங்க கஷ்டத்த உலகம் பாக்கணும் சார்" என்றுதான் ஆரம்பித்தார். என்ன கூத்து ஆடுவீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், முகவீணை (கூத்தில் ஊதுகிற சிறு குழல்) உண்டா என்று எதுவும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றதற்கு, வண்டியும் சாப்பாடும் பார்த்துக்கொள்கிறோம், கோடிப் பேர் பார்ப்பார்கள், அதைவிட என்ன வேண்டும் என்றார். விளம்பரம் கிடைக்குமே என்று சொல்லிக் கலைஞனிடம் ஓசியில் வேலை வாங்குவது டிவிக்காரர்கள் மட்டும் செய்வதில்லை, அரசு விழாவிலிருந்து கல்லூரி விழா வரை நடக்கிறது. அதனால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்து, வீட்டுப் படப்பிடிப்புக்காகக் கேமராவோடு நான்கு பேர் எங்கள் கூத்து வாத்தியார் வீட்டுக்கு வந்தார்கள். துரியோதனன் வேஷத்தில் அவரைப் பார்த்தவர்கள் அந்த அடவை மறக்க மாட்டார்கள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் இருக்கிறது. வந்தவர்கள் ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினார்கள். டிவியைக் கழற்றி உள்ளறையில் வைக்கச் சொன்னார்கள். வாசலில் நின்ற பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பிறகு அவரைப் பின்கட்டில் விறகடுப்பு ஓரமாக உட்காரவைத்து, "மழை பேஞ்சா ஒழுகுமா ஐயா?" என்று கேட்டார்கள். "போன வருஷம்தாம்பா தளம் போட்டோம்" என்றார் அவர். அதை மட்டும் விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போனார்கள். ஆடிய கூத்தைப் பற்றி அவர் பேசிய நேரமெல்லாம் கேமராமேன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவே துரௌபதி அம்மன் கோயில் திண்ணையில் ஜமா முழுக்கக் கூடிப் பேசினோம். சண்டை என்றே சொல்லலாம். பெண்வேஷம் கட்டுகிற தம்பிக்குப் போயே ஆகவேண்டும். "அண்ணே, ஐப்பசி, கார்த்திகையில நமக்கு ஆட்டம் ஏது? டிவில வந்தா வெளியூர்க்காரன் கூப்புடுவான்" என்றான். அவன் சொன்னது நியாயம். முகவீணைக்காரர் ஒரே பேச்சாக வேண்டாம் என்றார்: "விடிய விடிய ஆடுறத அஞ்சு நிமிசமாக்கிட்டு, மீதிக்கு அழுவச் சொல்லுவானுங்க." எங்களுக்குத் திரைச்சீலை வரைந்து தரும் ஓவியர் நண்பரும் வந்திருந்தார். அமெரிக்காவில் பிராவோ சேனல் 2010-ல் ஓவியர்கள், சிற்பிகளை வைத்தே இப்படி ஒரு போட்டி நடத்தியது, ஜெயித்தவருக்கு 1 லட்சம் டாலரும் புரூக்ளின் மியூசியத்தில் தனிக் கண்காட்சியும் கொடுத்தார்கள், ஜெர்ரி சால்ட்ஸ் என்ற பெயர்போன விமர்சகரே நடுவராக உட்கார்ந்தார் என்றார். இது கலையா, கலைஞனை வைத்துப் பிழைப்பா என்ற வாக்குவாதம் அங்கேயும் நடந்ததாம். "அவங்களுக்கு மியூசியமாவது கெடச்சுது. நமக்கு என்னன்னு எழுதி வாங்கு தம்பி" என்று வாத்தியார் முடித்துவைத்தார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 14 பக்கம் வந்தது. எப்போது ஷூட்டிங் என்று தெரிவதற்கு முன்பே அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி விடாமல் கேட்டதால்தான் வந்தது. இல்லாவிட்டால் மேக்கப் போட்ட பிறகு கையெழுத்துக்கு நீட்டுவார்களாம். முகத்தில் அரிதாரத்தோடு யார் படிப்பார்கள்? எங்கள் நிகழ்ச்சியை எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம், வெட்டலாம், மாற்றலாம், நகைச்சுவையாகச் சித்தரிக்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது.

வந்தவாசியில் ஒரு வக்கீல் அம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சொன்னது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் என்பதில் நடிகர், பாடகரோடு வித்தை காட்டுபவர், பாம்பாட்டி வரைக்கும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். கூத்தாடிக்கும் அந்த உரிமை உண்டு, 50 வருஷம் நிற்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஆடியவர் இன்னார் என்று காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெயருக்குக் கெடுதல் வரும்படி ஆட்டத்தைச் சிதைத்தால் தடுக்கவோ நஷ்டஈடு கேட்கவோ செய்யலாம். ஆனால் நேரத்துக்காக வெட்டுவதை மட்டும் வைத்து அதைச் சிதைவு என்று சொல்ல முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "அதனால எத்தனை நிமிஷம் வெட்டாம வரணும்னு நீங்கதான் எழுதி வாங்கணும்" என்றார்.

எங்களைக் குடைந்தது நகைச்சுவைச் சுற்று. நாங்கள் ஆடி முடித்ததும் இரண்டு காமெடிப் போட்டியாளர்கள் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, எங்களைப்போலக் கத்தி, தடுக்கி விழுந்து நடிப்பதாக ஏற்பாடு. இதைச் சட்டத்தால் தடுக்க முடியுமா என்று கேட்டேன். பகடிக்கு நீதிமன்றங்கள் இடம் கொடுத்திருக்கின்றன என்றார் அவர். மலையாள நாடக ஆசிரியர் தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்துக்கு எதிராக சிவிக் சந்திரன் எழுதிய எதிர்நாடகத்தை, மூலத்திலிருந்து எடுத்தாண்டிருந்தும், விமர்சனம் என்ற வகையில் கேரள உயர் நீதிமன்றம் 1996-ல் அனுமதித்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். கிண்டலைத் தடை செய்யச் சொல்ல கட்டியங்காரன் வாய்க்கு வராது. திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவையே "யாருய்யா நீ?" என்று கேட்பவன் அவன். ஊர்ப் பஞ்சாயத்து, ரேஷன் கடை, அணிந்திருக்கும் வேஷம் எல்லாவற்றையும் பிய்த்து வைப்பான். ஆனால் அவனுக்கு ராஜாவின் பாட்டு முழுக்கத் தெரியும். ராஜா அங்கேயே நின்று பதில் சொல்லுவார். கல்யாண முருங்கையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து ஒருவர் இரவெல்லாம் சுழன்று ஆடுவதை, ஒரு அடவுகூடத் தெரியாமல் தடுக்கி விழுந்து காட்டுவதில் என்ன விமர்சனம் இருக்கிறது? சிரிக்கச் சொல்லப்படுவது ஒரு கூலிக்காரனின் உடம்பைப் பார்த்து.

அதனால் தடை கேட்கவில்லை, மாற்று கேட்டோம். கிண்டலை நான் செய்கிறேன், காமெடிக் கலைஞர் ஒருவர் என்னோடு மேடையில் நிற்கட்டும், அவர் கேட்க நான் சொல்ல, நான் கேட்க அவர் சொல்லட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கூடவே வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும் பாட்டிலிருந்து தொடங்கி வெட்டாமல் 6 நிமிடம், கலைஞர்கள் எல்லோர் பெயரும் திரையில், எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வாங்கும் தொகைக்குக் குறையாத சம்பளம், வீட்டில் எடுத்த படத்தை வாத்தியார் பார்த்துச் சரி சொன்ன பிறகே ஒளிபரப்பு, யூடியூப் மறு ஒளிபரப்புக்கு ராயல்டி.

சட்டப் பிரிவிலிருந்து, எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தான், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. நாங்கள் விடவில்லை. எபிசோடுக்கான செட் போட்டு முடித்துவிட்டார்கள், எங்களுக்குப் பதில் ஆள் பிடிக்க நேரமில்லை. கடைசியில் சம்பளம், பெயர்கள், 6 நிமிடம், நகைச்சுவைச் சுற்று மாற்றம் ஆகியவற்றை ஒரு பக்க இணைப்பாகப் போட்டுக் கையெழுத்திட்டார்கள். வீட்டுப் படத்துக்கு ஒப்புதல் கேட்டதற்கு முடியாது என்றார்கள். அப்படியானால் அந்தப் படமே வேண்டாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார், அதையும் எழுதினோம். ராயல்டிக்கு மட்டும் இறங்கி வரவே இல்லை.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் என்னோடு ஆட வேண்டிய காமெடிக் கலைஞர் ஒத்திகைக்கு வந்தார். சின்னப் பையன். அட்டைக் கிரீடத்தோடு விழுந்து புரள அவனுக்கும் விருப்பமில்லை. அவன் கையெழுத்துப் போட்டதும் அதே 14 பக்கம்தான், இணைப்பு இல்லாமல். பேச்சில் நல்ல வேகம். மேடையில் அவன் என்னை, "ஏம்பா, ராஜா வர்றதுக்கு முன்னாடி ஏன் இவ்ளோ நேரம் திரைய ஆட்டுறீங்க?" என்று கேட்க, நான் "டிவில நடுவுல விளம்பரம் போடுறியே, அதுமாதிரிதான்" என்றேன். நடுவர்களும் சிரித்தார்கள். அப்புறம் வாத்தியார் திரையை விலக்கிக்கொண்டு வந்து சுற்றிய கிரிக்கி என்ற சுழலாட்டத்தில் அரங்கம் அடங்கிப்போனது. 6 நிமிடமும் வெட்டாமல் வந்தது. ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, சொன்னதும் யூடியூபில் மட்டும் திருத்தினார்கள்.

பணம் வர மாதக்கணக்கில் ஆனது. பான் கார்டு இல்லாத இருவருக்கு 20 சதவீதம் வரி பிடித்துவிட்டார்கள். ஆகவே அழைப்பு வந்த உடனே எல்லோருக்கும் பான் எடுத்துவிடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருந்தாலும் அது வேறு, இது வேறு.

அந்த ஒரு பக்க இணைப்பை வக்கீல் அம்மா தமிழிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊர் ஜமா ஒன்றும், அந்தக் காமெடிப் பையனும் பிரதி வாங்கிப் போனார்கள். ராயல்டியை இன்னும் யாரும் வாங்கவில்லை. அடுத்து எந்த ஜமாவுக்கு அழைப்பு வந்தாலும், கையெழுத்துக்கு முன் மற்ற ஜமாக்களுக்குச் சொல்லிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.