மூச்சு வாங்கியதற்கு எடுத்த டெஸ்ட்டுகள்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் வறட்டு இருமல் வேறு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார், 97 காட்டியது. "இதயத்தாலா, நுரையீரலாலா என்று முதலில் பிரித்துவிடலாம்" என்று இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ, டிஎம்டி, நுரையீரலுக்கு பிஎஃப்டி என்று நான்கையும் எழுதிக் கொடுத்தார்.

ஈசிஜி பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு என்று வயர்களை ஒட்டுகிறார்கள், சில விநாடிகளில் பேப்பர் வந்துவிடுகிறது. ஆனால் நார்மல் என்று வந்ததோடு விஷயம் முடிந்துவிடாது. படுத்திருந்த அந்தச் சில விநாடிகளில் இதயம் எப்படித் துடித்தது என்பதைத்தான் அது சொல்கிறது.

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதற்கு இடது பக்கமாகத் திரும்பிப் படுக்க வேண்டும். சில்லென்ற ஜெல், விலா எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் 'ஈஎஃப் 62%' என்று பார்த்ததும் பாதி போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான் இருக்கும்.

டிஎம்டி என்பது டிரெட்மில்லில் நடந்தபடியே எடுக்கும் ஈசிஜி. ஆரம்ப வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் எடுத்த எடுப்பிலேயே 10 சதவீத ஏற்றம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு தொட வேண்டும். 44 வயதான எனக்கு 150. கம்பியில் பாரத்தைப் போட்டுத் தொங்கினால் கால்களுக்கு வேலை குறைந்து கணக்கு தப்பாகிவிடும் என்று டெக்னீஷியன் சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் அடக்கிக்கொள்ளாமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த மூன்றும் நார்மல். கடைசியாக பிஎஃப்டி. வெறுமனே ஒரு குழாயில் ஊதுவதுதானே என்று நினைப்போம். உண்மையில் நான்கிலும் ஆளைப் பிழிந்து எடுப்பது இதுதான். மற்றதிலெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். இதில் நாம் முழு மூச்சாக ஊதாவிட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

மூக்கில் கிளிப். குழாயைச் சுற்றி உதடு இறுக்கம். நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்து, ஒரே வெடிப்பாக வெளியே விட வேண்டும். முதல் விநாடியில் எல்லாம் போய்விட்டதுபோல் இருக்கும், ஆனால் "ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று கத்துவார்கள். ஆறு விநாடியாவது தொடர வேண்டுமாம். கண்ணில் நீர் வந்துவிட்டது. நடுவில் இருமினால் அந்த ஊதல் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து. ஒழுங்காக ஊதியதில் குறைந்தது மூன்று கிடைத்து, அவை ஒன்றோடொன்று ஒத்துவந்தால்தான் விடுகிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். சமீபத்தில் கண் ஆபரேஷனோ மாரடைப்போ ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த அழுத்தம் அவர்களுக்கு ஆகாது.

எனக்கு மொத்தம் வந்த காற்று 3.5 லிட்டர், அதில் முதல் விநாடியில் 2.3. அதாவது 66 சதவீதம். 70-க்குக் கீழே போனால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார்கள். மருந்தால் கை லேசாக நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, அது சகஜம்தானாம். இந்த முறை முதல் விநாடியில் 2.7 வந்தது. 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டிக் கூடினால் மருந்துக்குக் குழாய் விரிகிறது என்று வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. எனக்கு 17 சதவீதம் கூடியிருந்தது.

ராத்திரி இருமலையும் இதையும் சேர்த்துப் பார்த்து ஆஸ்துமா என்றார் டாக்டர். தினமும் எடுக்க ஒரு இன்ஹேலர் எழுதியிருக்கிறார். பிஎஃப்டி ரிப்போர்ட்டை மட்டும் ஃபைலில் மேலாக வைத்திருக்கிறேன். மருந்து தொடங்கிய பிறகு மறுபடி எடுக்கும்போது இந்த 2.3-ஐ வைத்துத்தான் ஒப்பிடுவார்களாம்.