கால் பங்கு, கால் பங்காக

ஜனவரி 5

எடை குறைய வேண்டும் என்று ஆயுர்வேத வைத்தியரிடம் போனால், அவர் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "முன்பு சாப்பிட்டது செரித்த பிறகுதான் அடுத்த வேளைக்கு உட்காருகிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு மலம், தூக்கம், காலையில் நாக்கில் வெள்ளை படிகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற முதல் பகுதியின் 21-ஆவது அத்தியாயம் பருமனையும் மெலிவையும் விரிவாகப் பேசுகிறது. மிதமிஞ்சிய உணவு, இனிப்பு, நெய்ப்பு, பகல் தூக்கம், உழைப்பின்மை என்று அடுக்கும் காரணங்களோடு பிறவிக்கூறையும் சேர்த்திருக்கிறார்கள். உடல் பருத்தவரைச் சோம்பேறி என்று ஒரே சொல்லில் ஒதுக்காத நூல் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஜனவரி 11

பருத்த உடம்புக்கு ஏன் பசி அடங்குவதில்லை? கொழுப்பு வழிகளை அடைப்பதால் வாயு வயிற்றுக்குள்ளேயே சுழன்று அக்னியை, அதாவது செரிமானத் தீயை, தூண்டிவிடுகிறது, உண்டது விரைவில் செரித்து மறுபடியும் பசிக்கிறது என்பது சரகரின் விளக்கம். அதனால்தான் செரிக்க நேரம் பிடிக்கிற, ஆனால் உடம்பைப் பெருக்காத உணவை அவர் விதிக்கிறார். பருத்தவர்களுக்கு அவர் சொல்லும் தானியங்களிலும் பயறுகளிலும் பார்லி, பச்சைப்பயறு, கொள்ளு உண்டு. பட்டினி கிடந்து இளைக்கலாம் என்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஜனவரி 24

பழக்கத்தை மாற்றுவதற்கும் முறை சொல்லியிருக்கிறார்கள். தீயதில் கால் பங்கை விட்டு, அந்த இடத்தில் நல்லதில் கால் பங்கை வைக்க வேண்டும். அது நிலைத்த பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால். இப்படிப் படிப்படியாக விலக்கிய குற்றங்கள் திரும்பி வருவதில்லை என்கிறார் சரகர். எடை குறைப்பில் எல்லோரும் தோற்கும் இடம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். குறைப்பது அல்ல, குறைந்ததைக் காப்பதுதான் கடினம்.

என் இரவுத் தட்டில் கால் பங்கு மட்டும் மாறியிருக்கிறது. பார்லியும் பச்சைப்பயறும் சேர்த்து வேகவைத்து, மேலே மிளகும் சுக்கும். வெந்த பார்லியின் நடுவில் பழுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. பல்லுக்கு இடையில் வழுக்குகிறது, மெல்லாமல் விழுங்க முடியாது. சாப்பிடும் வேகம் தானாகக் குறைகிறது.

பிப்ரவரி 8

உடற்பயிற்சியை உடல் வலிமையில் பாதி அளவோடு நிறுத்து என்கிறார், அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலை எழுதிய வாக்படர். நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாய் உலர ஆரம்பித்தால் அதுதான் எல்லை. மாடிப்படி ஏறுகையில் கவனித்தேன். மூச்சு மூக்கை விட்டு வாய்க்கு மாறும் படி எது என்று தெளிவாகத் தெரிகிறது. அங்கே நின்றுவிடுகிறேன். அந்தப் படி மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்தால் மெலிவு, நடுவில் குடித்தால் சமநிலை, முடிவில் குடித்தால் பருமன் என்பதும் வாக்படர் வாக்கே.

பிப்ரவரி 20

"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று உடன் வேலை செய்பவர் மாத்திரைப் புட்டி ஒன்றை நீட்டினார். வாங்கவில்லை. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. எடை குறைக்கும் குடம்புளிச் சாற்று மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவப் பதிவுகள் உண்டு. உணவும் உறக்கமும் நடையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு புட்டியிடம் ஒப்படைப்பது ஆயுர்வேதமே அல்ல. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மார்ச் 14

இடுப்புப் பட்டை ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. வைத்தியர் அதைவிட வேறு குறிகளைத்தான் கேட்டார்: உடம்பு லேசாக இருக்கிறதா, ஏப்பம் சுத்தமாக வருகிறதா, பசியும் தாகமும் சேர்ந்து எழுகின்றனவா, மந்தம் விலகியதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. பகல் தூக்கம் மட்டும் பாக்கி, அதிலும் கால் பங்கிலிருந்தே தொடங்கச் சொன்னார். தைராய்டையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறேன்.