ஓர் இனிஷியலால் போன ஓராண்டு

எங்கள் பேராசிரியையை, வானொலி அலைகளை ஆராயும் துறையான வானொலி அறிவியலுக்கான விருது ஒன்றுக்குப் பரிந்துரைத்திருந்தேன். விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்தது என்ற மின்னஞ்சல் சென்ற மாதம்தான் வந்தது. ஆறு வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை பதினான்கு மாதங்கள் இழுத்ததற்கு அவருடைய ஆய்வில் எந்தக் குறையும் காரணமில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துதான் காரணம். முடிவு இன்னும் வெளிவராததால் விருதின் பெயரையும், பட்ட பாட்டைச் சொல்லப்போவதால் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

1919 முதல் இயங்கிவரும் பன்னாட்டு வானொலி அறிவியல் ஒன்றியத்தில் இப்போது பெண்களுக்கென ஒரு பிரிவு இருப்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததே. விருதுக்குழுக்களில் இருந்த மூத்தவர் ஒருவர் ஒரு கூட்டத்தின் இடைவேளையில் என்னிடம், பெண்களை நிராகரிக்கிறோம் என்று எங்களைக் குறை சொல்வதற்கு முன் எத்தனை பெண்களின் பெயர்களை எங்களுக்கு அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள் என்றார். அது சரியான கேள்வியாகவே எனக்குப் பட்டது. ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினேன். வாழ்க்கைக் குறிப்பு, பத்து முதன்மைக் கட்டுரைகள், மூன்று ஆதரவுக் கடிதங்கள், பணிச்சான்று ஆகியவையே அவர்கள் கேட்டவை. கடிதங்கள் மூன்றும் பத்தே நாட்களில் வந்துவிட்டன.

சிக்கல் கட்டுரைப் பட்டியலில் தொடங்கியது. பேராசிரியை 1974இல் பணியில் சேர்ந்தபோது தந்தையின் எழுத்தான 'எஸ்' அவர் பெயருக்கு முன் இருந்தது. 1979இல் திருமணமானதும் கணவரின் எழுத்தான 'ஆர்' அந்த இடத்துக்கு வந்தது. நம் ஊரில் இதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் இணையத் தளங்களுக்கு இவர்கள் இருவர்: ஒருவர் 1979இல் திடீரென எழுதுவதை நிறுத்திவிட்ட எஸ், மற்றவர் அதற்கடுத்த ஆண்டு எங்கிருந்தோ முளைத்த ஆர். அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எல்லாம் முதலாமவரிடம் இருந்தன. குழுவில் இருப்பவர் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தால், பிறருடைய கட்டுரைகளை இவர் தமதென்று காட்டுகிறார் என்றே நினைத்திருப்பார்.

பணிச்சான்றில் இரு பெயர்களையும் குறிப்பிட்டு வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணி, முன்கூட்டியே தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டு, இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து நிறுவனத்துக்குப் போனேன். பணிப்பதிவேட்டில் 1979 வரை எஸ் என்றும் அதன் பிறகு ஆர் என்றும் இருப்பதை எழுத்தர் விரலால் சுட்டிக்காட்டிவிட்டு, மாற்றத்துக்கான ஆணை எதுவும் கோப்பில் இல்லாததால் இருவரும் ஒருவரே என்று தாம் எழுத முடியாது என்றார். ஓய்வூதியம் மட்டும் ஒருவருக்குத்தானே போகிறது என்று கேட்டேன். "அது கணக்குப் பிரிவும்மா, அவங்களைக் கேளுங்க" என்றார். அரசிதழில் வந்த பெயர்மாற்ற அறிவிப்பு அல்லது திருமணப் பதிவுச் சான்று, இரண்டில் ஒன்று வேண்டுமாம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. கோயிலில் நடந்த 1979ஆம் ஆண்டுத் திருமணத்துக்கு அவரிடம் இருந்தது மஞ்சள் பூசிய அழைப்பிதழ் மட்டுமே.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆஸ்திரேலிய வானொலி வானியலாளர் ரூபி பெய்ன் ஸ்காட்டின் நினைவுதான். 1946 ஜனவரி 26 அன்று விடியற்காலையில், சிட்னியின் டோவர் ஹைட்ஸ் செங்குத்துப் பாறை மீதிருந்த ஆண்டெனாவையும் கடற்பரப்பில் எதிரொளித்து வந்த அலைகளையும் கொண்டு சூரியனின் வானொலி அலைகளில் குறுக்கீட்டு அளவீடு (நேராக வந்த அலையையும் எதிரொளித்து வந்த அலையையும் சேரவிட்டு அளப்பது) செய்தவர் அவர். மணமான பெண்கள் நிரந்தரப் பணியில் இருக்கக் கூடாது என்ற விதி அன்றைய ஆஸ்திரேலிய அரசுப் பணியில் இருந்ததால், 1944இல் செய்துகொண்ட திருமணத்தை அவர் மறைத்தே வைத்திருந்தார். 1950இல் அது வெளிப்பட்டதும் நிரந்தரப் பணிநிலையை இழந்தார். அவருக்குத் திருமணத்தை மறைக்க வேண்டியிருந்தது, எங்கள் பேராசிரியைக்கோ அதை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். இப்படிப்பட்ட சான்றைத் தாங்கள் தருவதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை நிறுவனத்துக்குப் போனபோது கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தார். இதற்குள் அந்த ஆண்டுக்கான கடைசித் தேதி முடிந்துபோனது. ஒருவேளை பணிச்சான்று இல்லாமலே அனுப்பியிருக்கலாம். கேட்ட தாளை வைக்காமல் அனுப்பப் பழக்கமில்லாத வளர்ப்பு என்னைத் தடுத்துவிட்டது.

விடை அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. ஓய்வூதிய ஆணையில் பணியில் சேர்ந்த நாள், பிறந்த தேதி, ஓய்வு பெற்ற நாள், குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராகக் கணவரின் பெயர் ஆகிய அனைத்தும் ஒரே தாளில் இருந்தன. அதனுடன், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து மூன்றாம் முறை நீட்டியபோது, எழுத்தர் அரை மணி நேரத்தில் சான்றைத் தட்டச்சு செய்து கொடுத்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நா துடித்தது. சான்றில் முத்திரை விழும் வரை வாயைத் திறக்கவில்லை.

அந்த மூன்றாம் பயணத்தில்தான் எனக்கு ஒரு புதையலும் கிடைத்தது. அவருடைய முதல் பெரிய வேலையான 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஆசிரியர்களுள் ஒருவராக இல்லை. "படச்சுருள்களை அளந்து உதவிய செல்வி எஸ்" என்று நன்றியுரையில் ஒரு வரி மட்டுமே இருந்தது. அந்தக் கட்டுரை ஆராய்ந்த பொருளோ இரவில் மட்டுமே நிகழ்வது. புவியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அப்பகுதியில் சூரியன் மறைந்தபின், மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டமுள்ள துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்தின் எஃப் எனும் மேலடுக்கு மேலெழுந்து நிலைகுலையும்போது, வானொலி அலைகளை மேலே அனுப்பி அவற்றின் எதிரொலியைப் பதியும் அயனோசோண்டு என்ற கருவி அனுப்பும் அலைகள் தெளிவான கோடாகத் திரும்பாமல் சிதறிய படலமாகத் திரும்பும். அதைப் பார்க்க வேண்டுமானால் இரவில் நிலையத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்கு அங்கே தங்கும் அறை கிடையாது என்பதால் இரவுப் பணிப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை; பட்டியலில் இல்லாதவர் ஆசிரியராகவும் ஆகவில்லை. ஆனால் அவர் தம் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பல இரவுகள் அங்கே இருந்தார் என்று எங்களிடம் கதையாகச் சொல்வதுண்டு.

கதைக்குச் சான்று ஆவண அறையில் இருந்தது. கால் மணிக்கு ஒன்றாக நாளுக்குத் தொண்ணூற்றாறு அயனோசோண்டுப் பதிவுகள் விழுந்த 35 மில்லிமீட்டர் படச்சுருள்களின் தகரப் பெட்டிகளுக்கு அடியில் நோக்கீட்டுப் பதிவேடுகள் கிடந்தன. இரவு பத்து மணி, பதினொன்று, ஒன்று என்ற நேரங்களுக்கு எதிரே அவருடைய கையெழுத்தில் குறிப்புகளும், கீழே 'எஸ்' என்ற சுருக்கொப்பமும் பக்கம் பக்கமாக இருந்தன. அனுமதி பெற்று ஒளிநகல் எடுத்துப் பரிந்துரையுடன் இணைத்தேன். சீரான துடிப்புகளாக வானொலி அலைகளை அனுப்பும் விண்மீன்களான பல்சார்களைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல்லுக்கு 1974ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைக்கவில்லை என்றாலும், 1968ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐந்து ஆசிரியர்களுள் இரண்டாவதாக அவர் பெயர் இருந்தது. அதைக் காட்டிப் பேச முடிந்தது. எங்களிடம் காட்டுவதற்கு அந்தப் பதிவேடுதான் இருந்தது.

இனி இதே வேலையில் இறங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள். ஆதரவுக் கடிதம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து அப்படியே இணைத்துவிடாதீர்கள். எங்களுக்கு வந்தவற்றுள் ஒன்று அவரை அன்பான, பொறுமைமிக்க, மாணவர்களுக்குத் தாயைப் போன்ற ஆசிரியை என்று இரண்டு பக்கங்களுக்குப் புகழ்ந்திருந்தது. அயனிமண்டலம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆண் அறிஞர் ஒருவரை இப்படித் தந்தை என்று மட்டும் புகழ்ந்து கடிதம் எழுதுவார்களா என்று தெரியவில்லை. எந்தக் கட்டுரை, எந்த முடிவு, அதன்பின் யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று அரைப் பக்கக் குறிப்பை நானே அனுப்பியதும் திருத்திய கடிதம் நல்லபடியாக வந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்க்கிட் (ORCID) எண் ஓய்வு பெற்றவர்களுக்கும் கிடைக்கும். அதில் இரு பெயர்களையும் பதிந்து கட்டுரைகளை ஒன்றாக இணைக்க ஒரு பிற்பகல் போதும். விருதுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டாயக் கட்டத்தில் வெறும் புள்ளி வைத்தால் படிவம் ஏற்காது, அதனால் கணவரின் முழுப் பெயரை எழுதி, விளக்கத்தைத் தனித் தாளில் இணைத்தேன். கடைசி நேரம் கிரீன்விச் கணக்கில் இரவு 11:59 என்றால் அது நமக்கு மறுநாள் காலை 5:29; என்னைப் போல் முதல் நாள் நள்ளிரவிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று பதற வேண்டியதில்லை.

ஒப்புகை வந்த அன்று பேராசிரியையின் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டின் ஒளிநகல்களைக் கொடுத்தேன். விருதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவந்தவர், தம்முடைய 'எஸ்' ஒப்பத்துக்குப் பக்கத்தில் அடிக்கடி வரும் 'கே' என்ற எழுத்தில் விரலை வைத்தார். தினக்கூலிக்குப் படச்சுருள் அளந்த பெண்ணாம். சிதறல் தொடங்கும் நேரத்தைத் தம்மைவிடத் துல்லியமாகக் குறித்தவராம். பட்டமும் இல்லை, கட்டுரையும் இல்லை. "இவளுக்கு எதை நிரப்பி அனுப்புவேம்மா?" என்று கேட்டார். நான் நிரப்பிய படிவத்தில் அதற்கான கட்டம் எதுவும் இருக்கவில்லை.

மீதமுள்ள பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு மறுநாளே நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வந்திருக்கிறது. அதே எழுத்தர், அந்தப் பெண்ணுக்கு நான் என்ன உறவு என்று விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்.