பதினோராவது வளைவில் நின்ற வண்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். போன ஏப்ரலில் பதினோராவதைத் திரும்பும்போது ஹீட் முள் பாதியைத் தாண்டிவிட்டது. ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றையும் முழுசாகத் திறந்தேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துவிடும் வித்தை அது. சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்ட மனுஷனை வீட்டுக்காரி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. முள் ஒரு நூல் இறங்கி, மறுபடி ஏறி, சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டினேன்.

பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப்போனேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார்: "தம்பி, கையை எடுங்க! மூஞ்சி வெந்து போயிரும்!" அவர் சொன்னது சரிதான். மூடி போட்டிருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து திறந்தால், உள்ளே ஒன்றரை லிட்டர் குறைவு. பக்கத்து ரிசர்வ் டப்பாவில் மட்டும் மேல்கோடு வரை நிறைந்திருந்தது. மாதாமாதம் அந்த டப்பாவைப் பார்த்துத்தான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். மூடியின் ரப்பர் இறுகிப்போனதால் டப்பாவுக்குப் போன தண்ணீர் திரும்பி வரவேயில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கீழே இறங்கியதும் முதல் மெக்கானிக் வண்டியைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னார்: "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார். பதினெட்டாயிரம் ஆகும்." இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு அது. வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் சுத்தமாக இருந்தது, பால் காப்பி நிறம் இல்லை. மறுநாள் காலை ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஓட விட்டேன். ரேடியேட்டரில் குமிழி கொப்பளிக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. இவை இல்லாததால் மட்டும் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் பண்ண முடியாது. இருந்தாலும் பதினெட்டாயிரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட இது போதும் என்று பட்டது.

இரண்டாவது பட்டறையில், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணா?" ஊருக்குள் முள் எழவே இல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடித்தது. ஆனால் பைபாஸில் நூறைத் தொட்டால் பழையபடி ஏறியது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகப்படலாம். என் வண்டி தலைகீழ். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, ஏசி போடாமல் நிறுத்தி வைத்துச் சூடாக்கினாலும் தானாகச் சுற்றுகிறது. அப்படியானால் சுமை கூடும்போது தேவைப்படும் அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை. ஒன்று வாட்டர் பம்ப், இல்லையென்றால் ரேடியேட்டர்.

வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றினேன் (சாவி எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் சட்டென்று சுற்றும், விரல் போய்விடும்). ரேடியேட்டர் முகத்தில் கையை ஓட்டிப் பார்த்தேன். மேலே சுட்டது. நடுவில் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஜில்லென்று இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை.

ரேடியேட்டர் கடைப் பெரியவர் அதைக் கழற்றி, மேல்வாயில் ஹோஸ் பைப்பைச் செருகினார். கொட்டவேண்டிய தண்ணீர் கீழே நூலாக வந்தது. "என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதான்."

"எத்தனை வருஷமா?"

ஆறு வருஷம். தட்டினால் வெள்ளைச் செதில் உதிர்ந்தது. எங்கள் வீட்டு ஹீட்டர் ராடில் படியுமே, அதே உப்பு. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் கம்பி விட்டு அடைப்பெடுப்பாராம். இது மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியம். "மாத்திருங்க தம்பி, நோண்டுனா ஒழுகும்." புது ரேடியேட்டர், மூடி, ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய்.

கவரில் கிடந்த தெர்மோஸ்டாட்டை அம்மாவின் பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. சமையல் தெர்மாமீட்டர் 83 காட்டும்போது வால்வு மெல்ல வாய் திறந்தது. கொதிப்பதற்குள் முழுசாகத் திறந்துகொண்டது. ஒரு தப்பும் செய்யாததைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். புது ரப்பர் வளையத்தோடு அதையே திரும்ப மாட்டச் சொன்னேன். பாத்திரத்தை அம்மா மறுபடி பாலுக்கு எடுக்கவில்லை.

கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஊற்றியதோடு வேலை முடியாது, காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஓட விட்டோம். குமிழி வரவர மட்டம் இறங்கியது, ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஃபேன் இரண்டு தடவை சுற்றி நின்ற பிறகுதான் பெரியவர் மூடியைப் போட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஏற்காடு, ஏசி போட்டபடியே. முள் பாதிக்குக் கீழேயே நின்றது. பதினோராவது வளைவில் நிறுத்தினேன், இளநீருக்காக. டிக்கியில் இப்போதும் இரண்டு லிட்டர் கேன் ஒன்று கிடக்கிறது, டிஸ்டில்டு வாட்டர்.