மீன் மோமோ செய்யப் போகிறவர்கள் மீன் வாங்கும் முன் படிக்க

மதுரையில் இருந்துகொண்டு வீட்டில் மீன் மோமோ செய்ய ஆசைப்பட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆசையைத் தள்ளிப் போடுங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து வரத்து சுருங்கிவிடும். மேற்குக் கரை மீனும் ஐஸ் பெட்டியில் கிடந்த பழைய மீனும்தான் கடையை நிரப்பும். எனக்கு வேறு வழியில்லை, மகள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவதே மே மாத லீவில்தான்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பெரிய வஞ்சிரம் கிடந்தது. தலை இல்லை. தலை இருந்தால் கண்ணையும் செவுளையும் பார்த்துவிடலாமே. கேட்டதற்கு, “தலை காலையிலேயே வித்துருச்சுக்கா, நேத்து ராத்திரி பாம்பன்ல இருந்து ஏறுன மீனு” என்றார். முள் நீக்கிச் சதையாகக் கொடுங்கள் தம்பி என்றேன். “அதெல்லாம் ஓட்டலுக்கு மட்டும்தான்க்கா, கூட்டமா இருக்குல்ல” என்று பேசிக்கொண்டே வறுவல் துண்டாகப் போட்டு முடித்துவிட்டார். தடைக்கால விலை வேறு.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தால் சதை பஞ்சு மாதிரி இருக்கிறது, தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது. உப்புப் போட்டுக் கிளறினேன். நல்ல மீன் என்றால் உப்புப் பட்டதும் சதையிலுள்ள புரதம் கரைந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். பூரணம் மொத்தமும் அந்தப் பிடிப்பில்தான் நிற்கிறது. நெடுநாள் ஐஸில் கிடந்து இளகி மறுபடி உறைந்த மீனுக்கு அந்தப் பிடிப்பு போய்விடும். கை சோரும் வரை கிளறியும் உதிரி உதிரியாகவே நின்றது. ஆவியில் வைத்ததும் தண்ணீர் முழுக்க மாவுக்குள் இறங்கி, அடிப்பக்கம் கிழிந்து, உள்ளே சக்கை. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னால், “மீன்ல ஒரு குறையும் இல்லக்கா, உங்களுக்குப் பண்ணத் தெரியல” என்று பத்துப் பேர் முன்னால் பதில் வருகிறது.

வஞ்சிரம் கிடைக்கவில்லையென்றால் கட்லா போடு, ரோகு போடு என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். வைகை அணை கட்லா குழம்புக்கு அருமையான மீன், ஆனால் சதைக்குள்ளேயே கவை கவையாக ஊசி முள் ஓடும். எவ்வளவு தடவிப் பார்த்தாலும் ஒன்று தங்கிவிடும். குழந்தைகள் பூரணத்தை மென்று பார்த்தா விழுங்குகிறார்கள்? உயிர் விரால் கிடைத்தால் வாங்கலாம், முள் குறைவு. நான் வஞ்சிரத்திலேயே நின்றதற்குக் காரணம் உண்டு. சீனாவில் ஷான்டாங் கடற்கரைப் பக்கம் மோமோ மாதிரியே மாவுக்குள் மீன் வைத்துச் செய்யும் ஜியாவோட்ஸிக்கு நம் வஞ்சிரத்தின் இனத்தைச் சேர்ந்த மீனைத்தான் எடுக்கிறார்கள்.

தடை முடிந்தது. ஜூன் 15 காலையிலேயே “தடை முடிஞ்சு வந்த மீன்” என்று கூவுவார்கள், நம்பாதீர்கள். விசைப்படகு கடலுக்குப் போய்க் கரை திரும்பி, மீன் மதுரைக்கு ஏறி வர வேண்டாமா? நான் சில நாள் பொறுத்து, நெல்பேட்டை மீன் சந்தைக்கு விடியற்காலையில் போனேன். ஒரு அம்மா முழு மீனாக, தலையோடு, ஒன்றரைக் கிலோவுக்குள் எடுத்துக் கொடுத்தார். கண் தெளிவு, செவுள் ரத்தச் சிவப்பு, விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே மேலே எழும்பியது. முதுகோடு கீறி நடுமுள்ளை எடுத்து இரண்டு பாளமாகவும் தந்தார், நான் கேட்காமலேயே.

இனி சதை எடுக்கும் விதம். மிக்சி வேண்டாம். சூட்டில் பசை கெட்டுவிடும், அதுவும் மதுரை வெயிலில். பாளத்தைத் தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, எவர்சில்வர் ஸ்பூனால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுங்கள். சதை மட்டும் சுருண்டு ஸ்பூனில் ஏறும், தோலும் அதை ஒட்டிய சவ்வும் பலகையிலேயே தங்கும். நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைத் தொடாதீர்கள், கவிச்சி அங்கேதான். அரைக் கிலோ சதைக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள். இஞ்சி தட்டிப் போட்டு வடித்த ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் கால் டம்ளர், விட்டு ஒரே பக்கமாகக் கிளறுங்கள். கரண்டி கனக்க ஆரம்பிக்கும். கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் இரண்டு கரண்டி நல்லெண்ணெய். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் மல்லித்தழையும் மடிக்கும் நேரத்தில்தான், முன்னாலேயே போட்டால் உப்புக்குத் தண்ணீர் விட்டுவிடும். ஒரு உருண்டையைக் கொதிநீரில் போட்டு உப்புப் பாருங்கள். அன்றைக்கு அந்த உருண்டை முழுசாக மேலே மிதந்து வந்தபோது அடுப்படியில் நின்று கைதட்டினேன்.

மைதா 300 கிராம், தண்ணீர் 150 மில்லி, அரைமணி நேரம் ஈரத்துணிக்கு அடியில். ஃபேனுக்குக் கீழே வைத்தால் ஓரம் காய்ந்து மடிப்பு ஒட்டாது. மடிப்பதை அத்தை எடுத்துக்கொண்டார். வருஷா வருஷம் பூரணக் கொழுக்கட்டை பிடித்த கை, எனக்கு ஒன்று முடிவதற்குள் அவருக்கு மூன்று. நாற்பது வந்தது.

இட்லிக் கொப்பரையில் துணி ஒட்டும், எண்ணெய் தடவிய வாழையிலை நல்லது. மூடிக்குத் துணி கட்டுங்கள், சொட்டும் தண்ணீர் மாவைக் கூழாக்கிவிடும். எட்டு நிமிடம் போதும், அதற்கு மேல் மீன் வறண்டுபோகும். தக்காளி மிளகாய்ச் சட்னியோடு மகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்காகவே அந்த வார இறுதியில் வரச் சொல்லியிருந்தேன்.

மிச்சத்தை வேகவைக்காமல், மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் டப்பாவுக்கு மாற்றுங்கள். எடுத்ததும் இளக விடாமல் அப்படியே ஆவியில் ஏற்றிவிட வேண்டும், அப்போது பன்னிரண்டு நிமிடம்.